கன்சல்டிங்கா, ப்ராடக்ட் கம்பெனியா?

கன்சல்டிங்னா வேற கம்பெனிகளுக்கு (கிளையன்ட்) சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் செஞ்சு குடுக்கிறது, ப்ராடக்ட் கம்பெனின்னா சொந்த சாஃப்ட்வேரை உருவாக்கி விக்கிறது. ரெண்டுலயும் கோடிங்தான் வேலை, ஆனா கன்சல்டிங்ல கம்பெனி விக்கிறதே உங்க மணிநேரத்தைத்தான். அதனால டைம்ஷீட் உயிரை எடுக்கும், அரைமணி நேர மீட்டிங்கைக்கூட ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் கணக்குல எழுதியாகணும், கிளையன்ட்டுக்கு பில் பண்ண முடியாத நேரம் கூடுச்சுன்னா மேனேஜர் கூப்பிடுவாரு, ப்ராஜெக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்காம பெஞ்ச்ல உக்காந்தா நம்ம தப்பே இல்லைன்னாலும் அப்ரைசல்ல அடி விழலாம். ப்ராடக்ட் கம்பெனில இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

கன்சல்டிங்ல எனக்கு அதைவிடக் கடுப்பு, எழுதின கோட் என்ன ஆச்சுன்னே தெரியாது. கோ-லைவ் ஆச்சா (நிஜப் பயன்பாட்டுக்கு வந்தாச்சா), கேடி குடுத்தாச்சா (அடுத்துப் பாத்துக்கிறவங்களுக்கு விவரமெல்லாம் சொல்லிக் குடுத்தாச்சா), மறுநாளே கிளையன்ட் ஆக்சஸைப் புடுங்கிடுவாங்க. நாம எடுத்த டிசைன் முடிவு ரெண்டு வருஷம் கழிச்சு எங்க உடையுதுன்னு பாத்தாதானே கத்துக்க முடியும்? ப்ராடக்ட்ல அது நம்ம தலையிலயே வந்து விழும், ஏதாவது உடைஞ்சா உடனே பாக்கவேண்டிய ஆன்-கால் முறை வரும்போது ராத்திரி ஃபோன் அடிக்கும் (அது ஒண்ணும் சுகமில்ல), ஆனா மண்டைல ஏறும்.

கன்சல்டிங்ல பாஸும் ரெண்டு பேரு, இங்க ஒருத்தர், கிளையன்ட் பக்கம் ஒருத்தர். சேல்ஸ் டீம் தலையாட்டிட்டு வந்த டெட்லைனுக்கு நமக்கு முழி பிதுங்கும்.

அதுக்காக ப்ராடக்ட் சொர்க்கம்னு இல்ல, ஒரே மாட்யூல்ல வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டவங்க நிறைய. பல டொமைன் பாக்கணும்னா ஆரம்பத்துல கன்சல்டிங் ஓகேதான், ஆனா சேர்றதுக்கு முன்னாடியே பெஞ்ச் பாலிசி என்னன்னு கேட்டுக்கோங்க.