புதுச்சேரி–கடலூர் சாலையருகே ஒரு விலங்குக் காப்பகம்: நேரில் கண்ட மதிப்பீடு

பாகூர்ப் பக்கம் இயங்கும் இந்தக் காப்பகத்தின் பெயரையும் வழியையும் நான் எழுதப்போவதில்லை. நடத்துவோரே அவ்வாறு கேட்டுக்கொண்டனர். முகவரி வெளியே தெரிந்துவிட்டால், இரவோடு இரவாக அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்து வாசலில் விட்டுச் செல்வோர் பெருகிவிடுகிறார்கள் என்பதும், தடுப்பூசி போடாத அந்தக் குட்டிகளோடு பார்வோ என்ற உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்கு நோயும் உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதும் அவர்களுடைய அனுபவம். தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் வழியாகத்தான் அவர்களுடைய எண் கிடைக்கும். எனக்கும் அப்படியே கிடைத்தது.

முதலியார்பேட்டையில் காதில் புழு வைத்த புண்ணோடு திரிந்த ஒரு தெருநாய்க்காக அழைத்தேன். அது யாரையாவது கடித்ததா, அங்கேயே திரிகிற நாயா, சோறு போடுபவர் யார் என்று கேட்டுவிட்டு, இறுதியில் தொலைபேசியை எடுத்த அம்மா சொன்னது இதுதான்: "குணமானதும் எடுத்த தெருவிலேயே கொண்டுவந்து விட்டுருவோம் சார். அதுக்குச் சம்மதம்னா வர்றோம்." அன்று மாலையே வலையோடும் கூண்டோடும் இருவர் வந்தனர். இத்தகைய புண்ணில் பெட்ரோலையும் பினாயிலையும் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அது புழுவோடு சேர்த்து நல்ல சதையையும் எரித்துவிடும். இங்கே மயக்க ஊசி போட்டு, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து, புண்ணைக் கழுவி, நாள்தோறும் கட்டு மாற்றினார்கள்.

ஒரு காப்பகத்தை எத்தனை விலங்குகள் அங்கே இருக்கின்றன என்பதை வைத்து மதிப்பிடுவது தவறு என்பதே என் கருத்து. எத்தனை விலங்குகள் குணமாகி வெளியே செல்கின்றன, புதிதாக வருபவை பழையவற்றோடு எப்போது சேர்க்கப்படுகின்றன என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டிஸ்டெம்பர் என்ற நாய்க்காய்ச்சல் இருமலிலும் தும்மலிலும் பரவி, பிழைத்த நாயையும் வலிப்போடும் நடுக்கத்தோடும் விட்டுவிடக்கூடியது. ஆகவே இங்கே புதிய நாய்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் தனிக்கொட்டகையில் இருக்கின்றன. அந்தக் கொட்டகைக்கென்று தனித் துடைப்பம், தனித் தட்டுகள், தனிப் பணியாளர் இருக்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் காலணியை நனைக்காமல் பார்வையாளர் எவரும் உள்ளே போக முடியாது. பெரிய கட்டடமும் பளபளக்கும் பெயர்ப்பலகையும் கொண்ட இடங்களில்கூட நான் காணாத ஒழுங்கு இது.

எடுத்த இடத்திலேயே விடுவது என்ற கொள்கையால் அவர்கள் நிறைய ஏச்சு வாங்குகிறார்கள். எங்கள் தெருவிலேயே, "பிடித்ததைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கா வந்தீர்கள்?" என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். ஆனால் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 சொல்வது அதுதான்: கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். டெல்லி தெருநாய்கள் தொடர்பான வழக்கில், அவற்றையெல்லாம் காப்பகங்களில் அடைக்க முதலில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே பகுதியில் விடச் சொன்னது. குப்பை இருக்கும் வரை ஒரு தெருவில் நாய் இல்லாமல் போகாது. கருத்தடை செய்த நாயை அகற்றினால் அந்த இடத்துக்குக் கருத்தடை செய்யாத நாய் வரும், இரண்டு மாதச் சினைக்குப் பின் தெருவில் குட்டிகள் நிறையும். எங்கள் நாய் கருத்தடை செய்ததைக் காட்டும் வெட்டு அடையாளத்தைக் காதில் தாங்கி திரும்பி வந்து, இப்போது பழைய பெட்டிக்கடை வாசலிலேயே படுத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் தொலைபேசியை எவரும் எடுப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்களில் அடிபடும் விலங்குகளுக்கு உதவி தேவைப்படுவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். பூனைகளின் அறை நாய்க்கொட்டகையை ஒட்டியே இருப்பதால், குரைப்பு கேட்டுக்கேட்டு அவை ஒழுங்காகத் தின்பதில்லை. இதை உடனே மாற்ற வேண்டும் என்று அவர்களிடமும் சொன்னேன். நன்கொடை ரசீது தாமதமாகத்தான் வருகிறது. மாடுகளை இங்கே ஏற்பதில்லை. பிளாஸ்டிக் தின்று வயிறு உப்பிய மாட்டுக்கு இரைப்பையைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அவற்றைக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுகிறார்கள். இயலாததை ஏற்றுக்கொண்டு உயிரைப் பறிகொடுப்பதைவிட இது நேர்மையானது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, தென்பெண்ணை பெருகிப் பாகூர், கடலூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். அதன் பின் கொட்டகைகளின் தரையை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கியிருக்கிறார்கள். மழை வந்தால் திறந்துவிட வேண்டிய கூண்டுகளின் வரிசை சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. எழுந்து நடக்க முடியாத நாய்களே அதில் முதலில் வருகின்றன.

தத்தெடுக்க விரும்புவோரின் வீட்டைப் பார்க்காமல் குட்டியைத் தருவதில்லை. மொட்டை மாடியில் கட்டிப்போடப்போகிறவருக்கு எவ்வளவு கேட்டாலும் இல்லை என்றுதான் பதில். கேட்கும்போது கடுமையாகத் தோன்றினாலும், அங்கே கிடக்கும் லாப்ரடார்களும் பொமரேனியன்களும் வளர்த்தவர்களாலேயே கைவிடப்பட்டவை என்று அறிந்தபின் அந்தக் கடுமை எனக்கு முழுச் சம்மதமாயிற்று. உதவ எண்ணுபவர்கள் பிஸ்கட் பொட்டலங்களைத் தவிர்த்து, குருணை அரிசி, பழைய போர்வை, சணல் சாக்கு, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைக் கொடுக்கலாம். காலையில் அறுவை சிகிச்சை நடக்கும் என்பதால், முன்கூட்டியே பேசிவிட்டுப் பிற்பகலில் செல்வது நல்லது.