நாடு பறிபோனபின் அதிபர் யார்? போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும்

எங்கள் வாசகர் வட்டத்தில் நாடு கடந்த அரசுகளைப் பற்றி, அதாவது நாடு பறிபோனபின் வெளிநாட்டிலிருந்து இயங்கும் அரசுகளைப் பற்றிப் பேசும் முறை எனக்கு வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவா, போலந்தா என்று இரண்டு வாரம் குழம்பிவிட்டு போலந்தை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

ஹிட்லரிடம் நாடு போனது, லண்டனில் அரசு நடந்தது என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரே கேள்விதான்: நாற்காலியில் இருப்பவர் இறந்தாலோ சிறைப்பட்டாலோ அடுத்தவர் யார், அதை யார் சொல்வது?

செக் தரப்பில் எல்லாமே அதிபர் பெனெஷ் என்ற ஒருவரின் தோளில் நின்றது. நாட்டின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1938 அக்டோபர் 5 அன்று அவர் பதவி விலகிவிட்டார். நவம்பரில் ஹாக்கா அதிபராகத் தேர்வாகி தலைநகர் பிராகாவிலேயே (பிராக்) இருந்தார். நெருக்கடியில் கொடுத்த ராஜினாமா செல்லாது என்பது பெனெஷின் வாதம். பிரிட்டன் அதை ஒரே மூச்சில் ஏற்கவில்லை; 1940 ஜூலையில் தற்காலிக அங்கீகாரம், முழு அங்கீகாரத்துக்கு இன்னும் ஓராண்டு. 1942 டிசம்பரில் ஏழாண்டுப் பதவிக்காலம் முடிந்தபோது, அவரே தொடர்வார் என்று அவருடைய அமைச்சரவையே சொல்ல வேண்டியிருந்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாடாளுமன்றம் லண்டனில் ஏது?

போலந்திடம் அதற்கு எழுத்தில் வழி இருந்தது. 1935 அரசமைப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, போர்க்காலத்தில் அதிபரே தன் வாரிசை நியமிக்கலாம். தேர்தல் வேண்டாம், அரசிதழில் வந்தால் போதும். 1939 செப்டம்பரில் அதிபர் மோஷ்சித்ஸ்கி ருமேனியாவில் தடுத்து வைக்கப்பட்டார். அவர் முதலில் சொன்ன ஆளை பிரான்ஸ் ஏற்கவில்லை. சரி என்று ராச்கியேவிச்சை நியமித்துவிட்டு விலகினார். வார்சா வீழ்ந்து சில நாட்களுக்குள், செப்டம்பர் 30 அன்று, பாரிஸில் போலந்துத் தூதரகத்தில் புது அதிபர் பதவியேற்றார்.

1945 ஜூலையில் பிரிட்டனும் அமெரிக்காவும் அங்கீகாரத்தைப் பறித்த பிறகும் இந்தச் சங்கிலி அறவில்லை. 1989 ஜூலை 19 அன்று வார்சாவில் கம்யூனிஸ்ட் தலைவர் யாருசெல்ஸ்கி அதிபராகத் தேர்வானார். அதே நாளில் லண்டனில் நாடு கடந்த அதிபர் சப்பாத் இறந்தார். வாரிசு கச்சொரோவ்ஸ்கி என்று முன்பே எழுதி வைத்திருந்ததால் இடைவெளி விழவில்லை.

குறையும் இதே பிரிவில்தான். வாரிசை ஒரே ஆள் தீர்மானிப்பதால் அவர் அடம்பிடித்தால் தட்டிக்கேட்க வழியில்லை. ஏழாண்டில் விலக வேண்டிய நாடு கடந்த அதிபர் சலெஸ்கி 1954இல் விலக மறுத்தார். ஜெனரல் ஆண்டர்ஸ் உள்ளிட்ட மூவர் எதிர்க்குழு அமைத்தார்கள். சலெஸ்கி இறந்த 1972 வரை லண்டன் போலந்துக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தே கிடந்தார்கள்.

பலனை மட்டும் பார்த்தால் செக்தான் முந்தியது. பெனெஷ் 1945 மே மாதமே பிராகா திரும்பிவிட்டார். நான் சட்டம் படித்தவனல்ல; படித்த ஒருவர் பெனெஷின் வாதத்தை இதைவிட வலுவாக எடுத்துவைக்கக்கூடும். ஆனால் மாஸ்கோவும் லண்டனும் கைவிட்டிருந்தால் அந்த செக் அரசிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசிக்கும்போது மனம் போலந்தின் பக்கமே சாய்கிறது.

1990 டிசம்பர் 22 அன்று வார்சா அரண்மனையில் கச்சொரோவ்ஸ்கி, மக்கள் தேர்ந்தெடுத்த வலேசாவிடம் அதிபரின் கொடியையும் முத்திரைகளையும் ஒப்படைத்தார். கூடவே, 51 ஆண்டுகள் வெளியூரில் காத்துவைத்திருந்த அந்த 1935 சட்டத்தின் மூலப் பிரதியையும்.