ஈகிள்நெஸ்ட் பறவை முகாம்கள்: எந்த உயரத்தில் எத்தனை இரவு?

அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு காமெங் மாவட்டத்தில் உள்ள ஈகிள்நெஸ்ட் சரணாலயத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகத் தங்குவது இரண்டு இடங்களில். மேலே லாமா முகாம், கீழே பொம்பு முகாம். விடுதி வசதியை எதிர்பார்த்துப் போனால் இரண்டுமே ஏமாற்றும். பறவைக்காகப் போனால், இந்தியாவில் இதற்கு ஈடான ஏற்பாடு மிகக் குறைவு. ஆனாலும் பலர் பார்க்க வேண்டியதில் பாதியைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் முகாம் அல்ல, இரவுகளைப் பங்கிட்ட விதம்தான்.

நில அமைப்பு புரிந்தால் இது விளங்கும். சரணாலயத்தின் பரப்பு 218 சதுர கிலோமீட்டர். உயரம் 500 மீட்டரிலிருந்து 3,250 மீட்டர் வரை. 1950-களில் இங்கே நிலைகொண்டிருந்த ராணுவத்தின் செங்கழுகுப் படைப்பிரிவிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. அந்தக் காலத்து ராணுவச் சாலைதான் இன்றும் காட்டுக்குள் போக இருக்கிற ஒரே வண்டிப்பாதை. டெங்கா பள்ளத்தாக்கில் தொடங்கி, ராமலிங்கம் (ஆம், அங்கே அப்படி ஓர் ஊர்ப்பெயர்) வழியாக ஏறி, சுமார் 2,800 மீட்டரில் கணவாயைத் தாண்டி, தெற்குச் சரிவில் அசாம் சமவெளியை நோக்கி இறங்குகிறது. உச்சியில் ரோடோடெண்ட்ரானும் குட்டை மூங்கிலும். கொஞ்சம் கீழே பாசி போர்த்திய ஓக் மரங்கள். அடிவாரத்தில் காட்டுவாழையும் வானுயர்ந்த பசுமைமாறா மரங்களும். முந்நூறு, நானூறு மீட்டர் இறங்கினால் போதும், காடும் பறவைப் பட்டியலும் மாறிவிடும். இங்கே நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது இந்த இறக்கத்தைத்தான்.

லாமா முகாம் சுமார் 2,350 மீட்டரில் இருக்கிறது. சரணாலய எல்லைக்கு வெளியே, புகுன் பழங்குடி மக்களின் காட்டில். எல்லாரும் இங்கே தேடி வருவது புகுன் லியோசிக்லா என்கிற சிறு பறவையை. 1995-இல் வானியல் அறிஞர் ரமணா ஆத்ரேயா கண்ணில் முதலில் பட்டது. 2006-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பறவையைக்கூடக் கொல்லாமல், பிடித்து அளந்து, உதிர்ந்த இறகுகளையும் படங்களையும் மட்டும் சான்றாக வைத்துச் செய்த அறிவிப்பு அது. அப்போது தெரிந்தவை 14 பறவைகள். இன்றும் உலகில் வேறெங்கும் இது உறுதியாகத் தெரியவரவில்லை. அழிவின் விளிம்பில் உள்ள இனம். ஆலிவ் சாம்பல் உடல், கறுப்புத் தொப்பி, கண்ணருகே ஆரஞ்சு மஞ்சள், இறக்கையில் மஞ்சளும் சிவப்பும். முகாமைச் சுற்றியுள்ள புதர்ச் சரிவுகளில் காலையில் பொறுமையாக நின்றால் வாய்ப்பு உண்டு. ஒலிப்பெருக்கியில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்தவே கூடாது. சில இணைகளே உள்ள பறவை, இல்லாத எதிரியைத் தேடி எல்லையைக் காக்க அலைந்தால் கூட்டையும் குஞ்சையும் யார் பார்ப்பது? வழிகாட்டி மறுத்தால் அது நல்ல சேவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

லாமாவில் இரண்டு இரவு போதும். மூன்றாவது இரவு, மழையில் ஒரு காலை வீணானால் ஈடுகட்டத்தான். ஆனால் பல பயணத் திட்டங்கள் லாமாவுக்கு மூன்று நான்கு இரவும் பொம்புவுக்கு இரண்டும் ஒதுக்குகின்றன. அதைத் தலைகீழாக மாற்றச் சொல்லுங்கள்.

லாமாவிலிருந்து பொம்பு போகும் நாளை வெறும் பயண நாளாக நினைத்துவிட வேண்டாம். விடியும் முன் கிளம்பி, கணவாய்க்கு ஏறும் சாலையில் முதல் வண்டியாக இருந்தால் டெம்மின்க் டிராகோபான் என்கிற காட்டுக்கோழி வகைப் பறவை சாலையோரத்தில் மேய்வதைப் பார்க்கலாம். உங்களுக்கு முன்னால் இன்னொரு வண்டி போய்விட்டால் அந்த வாய்ப்பு அநேகமாகப் போச்சு. கணவாயில் ரோடோடெண்ட்ரான் பூக்களில் தீவால் மைசோர்னிஸ் என்கிற சிறு பறவை வரும். அதைத் தாண்டி தெற்கே இறங்கும்போது சுந்தர்வியூ என்கிற இடத்தைச் சுற்றி வார்டின் டிரோகன், அதாவது நம் மலபார் தீக்காக்கையின் உறவுக்காரன். ஆணுக்கு ரோஜாச் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள். இது நடுமட்டக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வண்டியிலிருந்து பார்த்தால் தெரியாது. இறங்கி, மெதுவாக நடந்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று காட்டுக்குள் கண்ணை ஓட்ட வேண்டும். வண்டி பின்னாலேயே வரும்.

பொம்பு சுமார் 1,940 மீட்டரில், சரணாலயத்துக்குள்ளேயே இருக்கிறது. பயணத்தின் மையம் இதுதான். குறைந்தது நான்கு இரவு வேண்டும். காரணம், இங்கிருந்து தினமும் ஒரு புது உயரத்துக்குப் போகலாம். ஒருநாள் முகாமைச் சுற்றி, புதரடியில் மறைந்து திரியும் சிறு பறவைகளான ரென்-பாப்ளர் வகைகள். ஒருநாள் மேல்நோக்கி, சுந்தர்வியூ பக்கம் மீண்டும். இரண்டு நாள் கீழே, 1,250 மீட்டரில் உள்ள செஸ்னி வரையும் அதற்கும் கீழே 700 மீட்டர் அளவில் உள்ள கெல்லாங் பக்கமும். மலையடிவாரத்தின் தனிச்சிறப்பான பறவைகள் அந்தக் கீழ்ப்பகுதியில்தான். நாள் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அதே பகுதிதான். போக வர நேரம் பிடிக்கும், டீசல் செலவு கூடும், மண்சரிவு இருந்தால் பாதியில் திரும்ப வேண்டும் என்பதால் ஏற்பாட்டாளர்கள் தாமாக அதை முன்வைப்பதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

செஸ்னிச் சரிவில் தேட வேண்டியது ப்யூட்டிஃபுல் நட்ஹாட்ச். கறுப்பு முதுகில் வெளிர்நீலக் கோடுகள் ஓடும் பறவை. பெரிய, முதிர்ந்த, பாசி படர்ந்த மரங்களின் மேல்கிளைகளில், பிற பறவைகளின் கூட்டத்தோடு வரும். தனியாக இதைத் தேடுவது வீண். கூட்டத்தைப் பிடித்தால் இதுவும் கிடைக்கலாம். செங்கழுத்து இருவாச்சியை இறக்கையொலியால் முதலில் அறியலாம். வால்பாறையில் இருவாச்சி பறந்துபோகும் அந்த ஓசையைக் கேட்டவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நீள்வால் பிராட்பில், செந்தலை டிரோகன் எல்லாம் இதே உயரத்தில்தான்.

கலப்புக் கூட்டத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இந்தக் காடுகளில் முக்கால் மணி நேரம் ஒரு சிறகும் அசையாது. பிறகு திடீரென்று பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் ஒன்றாக வந்து சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே பறவையைச் சுட்டிக் கத்தினால் மீதியெல்லாம் தப்பிப் போகும். நான்கு பேர் இருந்தால் ஒருவர் மரவுச்சி, ஒருவர் நடுக்கிளை, ஒருவர் மூங்கில் புதர், ஒருவர் தரை என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் தொலைநோக்கி, அப்புறம் கேமரா. படம் எடுப்பதில் குனிந்திருப்பவருக்குக் கூட்டத்தின் வாலில் வரும் அரிய பறவை கிடைக்காது. கூட்டம் கடந்த பின் அதைத் துரத்தி ஓட வேண்டாம். சாலை வளைந்து வளைந்து இறங்குவதால், கூட்டம் சரிவில் கீழே போனால் அடுத்த வளைவில் காத்திருந்தாலே அது திரும்ப எதிர்ப்படும். இதைக் கணிப்பதில்தான் நல்ல வழிகாட்டியின் திறமை தெரியும்.

வசதிகள் பற்றி. தங்குவது கூடாரங்களில். கட்டில், மெத்தை, கனமான ரஜாய் (பஞ்சுப் போர்வை) உண்டு. குளிக்க, விறகில் காய்ச்சிய வெந்நீர் வாளியில் வரும். மின்சாரம் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டரில்தான். பத்துப் பேர் ஒரே பலகையில் கேமரா பேட்டரி சொருகுவார்கள் என்பதால் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும், கேமராவுக்கு மூன்று பேட்டரியும் கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் ரஜாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் லாமாவில் இரவு வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். மழை பெய்தால் கூடாரத்துக்குள் எல்லாம் நமுத்துப் போகும். லென்ஸ் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடாவிட்டால் கண்ணாடியில் உள்ளே ஆவி படியும், அது காய ஒரு நாள் வெயில் வேண்டும், அந்த வெயில் கிடைக்காது.

சாப்பாடு சோறு, பருப்பு, ரொட்டி, காய்கறி, முட்டை, கோழி. எளிமையான சாப்பாடுதான், சூடாக வரும். காலைச் சிற்றுண்டியையும் பல நாள் மதிய உணவையும் சாலையோரத்துக்கே கொண்டுவந்து பரிமாறுவது இந்தச் சேவையின் மிகப்பெரிய பலம். முகாமுக்குத் திரும்பிச் சாப்பிட்டு வருவது என்றால் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் போய்விடும். வடகிழக்கில் ஏப்ரல் மாதம் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். நம்மூர் நேரக்கணக்கோடு போனால் தடுமாறுவீர்கள். நாலு மணிக்குத் தேநீர், நாலரைக்கு வண்டி என்பதே சரியான கணக்கு. அதனால் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடிப்பவை மூன்று. அட்டை நமக்குப் பழக்கமானதுதான். மழை தொடங்கியதும் பொம்புவுக்குக் கீழே அதிகம், முழங்கால் வரை வரும் அட்டை உறை போதும். அதைவிடத் தொல்லை, அருணாசலத்தில் டிம்டாம் என்று சொல்கிற சின்னஞ்சிறு கறுப்பு ஈ. கடிக்கும்போது தெரியாது, ஒரு ரத்தப் புள்ளி மட்டும் நிற்கும், அரிப்பு பல நாள் விடாது. சொறிந்தால் புண்ணாகும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன், விரல் நுனி வெட்டிய மெல்லிய கையுறை, மீதி இடங்களில் டீட் என்கிற பூச்சிவிரட்டி மருந்து கலந்த பூச்சு. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு தொலைநோக்கியின் ரப்பரையோ கேமரா பிடியையோ தொடக் கூடாது. மூன்றாவது உண்ணி, முகாமுக்குத் திரும்பியதும் இடுப்பு, அக்குள், காதுப்பின் பார்த்துவிட வேண்டும். அடிவாரத்தில் மலேரியாவும் உண்டு என்பதால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய மருத்துவமனை என்றால் அசாமின் தேஸ்பூர் வரை இறங்க வேண்டும்.

யானை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொம்புவைச் சுற்றியுள்ள சாலையில் யானை நடமாட்டம் உண்டு. மூங்கில் அடர்ந்த வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. புதுச் சாணம் கண்டால் வழிகாட்டி சொல்வதற்கு முன்பே வண்டிக்கு அருகில் வந்துவிடுங்கள். இரவில் ஆந்தை தேடிக் கால்நடையாகப் போகக் கூடாது.

8x42 (எட்டு மடங்கு) தொலைநோக்கி 10x42-ஐவிட (பத்து மடங்கு) இங்கே பொருந்தும். காடு இருட்டு, பறவை அருகில், அசைவு வேகம். முக்காலியில் வைத்துத் தூரத்தைப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிடலாம். அசாமின் நமேரி தேசியப் பூங்காவுக்கும் போகிறீர்கள் என்றால் மட்டும் அது உதவும்.

பருவம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை. மார்ச்சில் வானம் தெளிவு, குளிரும் கூட. ஏப்ரலில் பறவைகள் பாடுவதால் ரென்-பாப்ளர் வகைகளைக் கண்டுபிடிப்பது எளிது, ஆனால் பிற்பகல் இடிமழை. மே வந்தால் அட்டையும் மண்சரிவும் கூடும். நவம்பரில் கலப்புக் கூட்டங்கள் நன்றாக இருக்கும், பாட்டு இருக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு ஏப்ரல் முதல் பாதியே எங்கள் பரிந்துரை.

போகும் வழி: சென்னையிலிருந்து குவாஹாட்டிக்கு விமானம். ரயில் என்றால் சுமார் இரண்டு நாள். அங்கிருந்து தேஸ்பூர், பாலுக்போங் வழியாக டெங்கா. அல்லது ஒராங், கலாக்டாங், ஷெர்காவ்ன், ரூபா வழி. எந்த வழி என்பதை அன்றைய சாலை நிலவரம் பார்த்து ஓட்டுநர் முடிவு செய்யட்டும். இந்தியர்களுக்கு உள்நுழைவு அனுமதி, அதாவது ஐஎல்பி, இணையத்திலேயே எடுக்கலாம். அச்சிட்ட நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், மலைமேல் கைபேசி சிக்னல் பெரும்பாலும் கிடையாது. காலை வண்டியேறி ஒரே நாளில் லாமா போய்விடலாம் என்று திட்டம் போடுவார்கள். ஒரு மண்சரிவு போதும் அது உடைய. தேஸ்பூரிலோ நமேரியிலோ ஓர் இரவு வைப்பதே பாதுகாப்பு.

கட்டணம் மலிவு இல்லை. ஆனால் அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சிங்சுங் கிராமத்துப் புகுன் மக்கள் தங்கள் காட்டில் 17 சதுர கிலோமீட்டரைச் சமூகக் காப்பகமாக ஒதுக்கினார்கள். 2017-இல் அது அறிவிக்கப்பட்டது. 2018-இல் இந்திய பல்லுயிர் விருதும் கிடைத்தது. அந்தக் காட்டில்தான் லியோசிக்லா வாழ்கிறது. சமையல், வண்டி, வழிகாட்டல், காவல் எல்லாவற்றிலும் உள்ளூர் ஆட்கள். பறவை உயிரோடு இருப்பதால் வேலை கிடைக்கிறது என்பது அங்கே கண்கூடு. இதை மதிக்கிறவர்கள் வெளியூர் இடைத்தரகர் வழியாகப் போகாமல் நேரடியாகப் பதிவு செய்வதே நல்லது.

முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: பொம்புவில் எத்தனை இரவு, கெல்லாங் வரை இறங்கும் நாள் உண்டா, ஒரு வண்டியில் எத்தனை பேர் (நான்குக்கு மேல் வேண்டாம், எல்லாருக்கும் ஜன்னல் வேண்டும்), வழிகாட்டி உங்களோடு மட்டும் இருப்பாரா அல்லது இரு குழுவுக்குப் பொதுவா, வனத்துறை மற்றும் சமூகக் கட்டணங்கள் தொகைக்குள் சேர்ந்ததா, சாலை அடைபட்டுக் கூடுதல் இரவு தங்க நேர்ந்தால் செலவு யாருடையது. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராதவரை பணம் அனுப்ப வேண்டாம்.