கொயோட்டி வேட்டைக் குளிரில் ஏஆர்-15ஆ, மினி-14ஆ?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஜனவரி விடியலில் மைனஸ் 20 டிகிரி பெரிய விஷயமே இல்லை. நரி போன்ற காட்டு விலங்கான கொயோட்டிக்கு ரோமம் அடர்ந்திருக்கும் காலமும் அதுதான். பனியில் அசையாமல் உட்கார்ந்து, அடிபட்ட முயல்போலக் கத்தும் ஊதலை ஊதி அதை வரவழைப்பார்கள். அந்த நேரம் துப்பாக்கி முரண்டு பிடித்தால் காலை வீண்.

ஏஆர்-15, மினி-14 இரண்டுமே .223 என்ற சிறு தோட்டா போடும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகள், அதாவது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. மினி-14இன் மரக்கட்டை கன்னத்தில் சில்லிடாது. பக்கவாட்டுக் கைப்பிடியைத் தடித்த கையுறையோடே இழுத்துவிடலாம். ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் மூடியில்லாமல் வெளியே தெரிகிறது, பனித்தூள் புகும்.

ஏஆர்-15இல் காலித் தோட்டா உறை வெளியேறும் வாய்க்கு மூடி உண்டு. பழைய பாணி விசைக்காப்பை (விசையைச் சுற்றியுள்ள வளையத்தை) கீழே மடக்கினால் கையுறை விரல் தாராளமாக நுழையும். அதற்காகவே வைத்த வசதி. குறையும் உண்டு: வாயு நேரே போல்ட்டுக்குள் பாய்வதால் கரி சேரும், எண்ணெய் கேட்கும். கெட்டி எண்ணெய் போட்டால் குளிரில் பசையாகிவிடும், மெல்லிய செயற்கை எண்ணெய்தான் சரி.

200 கஜத்தில் கொயோட்டி நின்றுவிட்டால் என் ஓட்டு ஏஆர்-15க்கு. பழைய மினி-14களின் மெல்லிய குழல் சூடேறினால் குறி நகரும்.

அப்புறம், எதை வாங்கினாலும் இரவில் கதகதப்பான அறைக்குள் கொண்டுபோய்விட்டு உடனே வெளியே எடுக்காதீர்கள். உள்ளே வியர்த்த ஈரம் வெளியே பனிக்கட்டியாகிவிடும்.