‘சகோதரி’ என்று எந்தப் பிள்ளை கூப்பிடும்? ஸ்டோரிவீவரின் தமிழ்ப் படக்கதைகள்

வீட்டுக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது, மூத்ததுக்கு வாசித்துக்காட்ட என்ன புத்தகம் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு, கடைக்குப் போவதற்கு முன் ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள் என்றே சொல்வோம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இலவசக் கதைத் தளம் இது. கதைகள் நான்கு படிநிலைகளில் இருக்கின்றன. மூன்று, நான்கு வயதுக்கு முதல் நிலை போதும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். மொழியைத் தமிழ் என்று வைத்து, ‘தம்பி’, ‘தங்கை’, ‘அக்கா’, ‘பாப்பா’ என்று தனித்தனியாகத் தேடுங்கள். ‘உடன்பிறப்பு’ என்று தேடினால் கைக்கு அதிகம் சிக்காது.

படங்கள் பெரும்பாலும் அருமை. குறை மொழியில்தான். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தரம் ஒரே சீராக இல்லை. ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’ என்ற ஒரே சொல் அக்காவுக்கும் தங்கைக்கும் சேர்த்துத்தான். அதை அப்படியே ‘சகோதரி’ என்று போட்டுவிட்டால் கதை செத்துப்போகிறது. யார் மூத்தது, யார் இளையது என்பதில்தானே மூத்த பிள்ளையின் வருத்தமே இருக்கிறது! வாசிக்கும் முன் படத்தைப் பார்த்து வயதை உறுதிசெய்து, உங்கள் வீட்டில் புழங்கும் சொல்லைப் போடுங்கள். குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் பேசும் வீடு என்றால் சேச்சி (அக்கா), சேட்டன் (அண்ணன்) என்றே போடலாம். இப்படி மாற்றுவதில் தவறு எதுவும் இல்லை. பெரும்பாலான கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 (CC BY 4.0) என்ற திறந்த உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரை விட்டுவிடாமல், மாற்றியதையும் குறிப்பிட்டால் திருத்தலாம், அச்சிடலாம், பகிரலாம். அதனால் கடைசியில் வரும் பெயர்ப் பக்கத்தை வீண் என்று நினைத்துக் கிழித்துவிடாதீர்கள்.

எந்தக் கதையைத் தேர்ந்தெடுப்பது? பிறந்த பாப்பா மறுபக்கத்திலேயே விளையாட்டுத் தோழனாகிவிடும் கதைகளைத் தள்ளிவையுங்கள். பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணிநேரம் தூங்கும்; மீதி நேரம் பால், அழுகை. விளையாட ஆள் வருகிறது என்று காத்திருந்த மூத்தது ஏமாந்துபோகும். ‘அக்கா விட்டுக்கொடுத்தாள், எல்லாரும் பாராட்டினார்கள்’ என்று முடியும் கதைகளும் வேண்டாம். பெண்பிள்ளையின் இடுப்பில் தம்பியை ஏற்றிவிட்டு அதையே பெருமையாகக் காட்டும் படங்கள் இன்னும் வருகின்றன. அவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்கலாம்.

மூத்ததின் கோபத்துக்கு ஒரு முழுப் பக்கமாவது கொடுக்கும் கதைதான் நல்ல கதை. அமெரிக்கப் படக்கதை ஆசிரியர் எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘பீட்டர்ஸ் சேர்’ (1967) இதற்கு நல்ல அளவுகோல். தன் தொட்டிலுக்குத் தங்கைக்காக ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்று பீட்டர் தன் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். அதில் உட்கார்ந்து பார்த்தால் இடம் போதவில்லை, வளர்ந்துவிட்டான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, நாற்காலியே சொல்லிவிடுகிறது.

நம் வீடுகளில் சண்டை நாற்காலிக்கு அல்ல, பாயில் அம்மாவுக்குப் பக்கத்து இடத்துக்கு. உத்தரத்துக் கொக்கியில் தொங்கும் சேலைத் தொட்டிலும் நேற்றுவரை மூத்ததின் ஊஞ்சல்தான். பேறுகாலத்துக்கு அம்மா தாய்வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருக்கும்போது, அப்பம்மாவிடம் விடப்படும் பிள்ளையின் தவிப்பு தனி. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டே நாளில் திரும்பும் வெளிநாட்டுக் கதைகள் அதைத் தொடுவதே இல்லை. பாயும் தொட்டிலும் வரும் கதைகளைத் தேடி எடுங்கள். அம்மாவின் வயிறு மூத்ததின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் வாசிக்க ஆரம்பிப்பது நல்லது. பிள்ளைகள் அடித்துக்கொண்ட கையோடு வாசித்தால் கதை தண்டனையாகிவிடும்.

போனில் காட்டாமல் அச்செடுத்துக் கொடுங்கள். கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்தால் பிடிஎஃப் இறக்கலாம். குறைந்த தெளிவு உள்ளதை அச்சுக்கு எடுத்தால் முகங்கள் மங்கிப்போகும், அதிகத் தெளிவு உள்ளதையே எடுங்கள். பல கதைகள் அகலவாக்கில் இருக்கும். அச்சுக்கடையில் அவற்றை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கச் சொன்னால் படம் சுருங்கிவிடும். ஏ4 தாளில் தனித்தனிப் பக்கமாக அச்சிட்டு இடது ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்பைரல் போடுவதே சரி. கம்பி ஸ்பைரல் வளைந்து விரலைக் குத்தும். உயரவாக்குக் கதை என்றால் ஏ3 தாளில் இருபக்கமும் அச்சிட்டு மடிக்கலாம். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 14 பக்கம் என்றால் முடிவில் இரண்டு வெற்றுப் பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். இருபக்க அச்சில் குறுகிய ஓரமாகத் திருப்பும்படி வைக்காவிட்டால் மறுபக்கம் தலைகீழாக வரும். சாதாரண 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளில் பின்பக்கப் படம் தெரியும். 130 ஜிஎஸ்எம் மேட் தாளும், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம்மும் கேளுங்கள். பளபளப்புத் தாளில் டியூப்லைட் வெளிச்சம் அடித்துப் படம் மறையும். ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் போகும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. சுவரை ஒட்டிய அலமாரியில் படுக்கப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்டு நிற்க வையுங்கள்.

ஆறேழு மாதம் ஆனதும் பாப்பா புத்தகத்தைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கும். மூத்ததின் புத்தகத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். முனை வட்டமாக வெட்டிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று தனியாக இருக்கட்டும். வாசிக்கும்போது பாப்பா மடியில் இருந்தாலும் பக்கம் திருப்பும் வேலை மூத்ததுக்கே.