சும்மாரா, எல்மாரா: முன்கண்ணாடி முடிவு செய்த தேர்வு

லென்ஸைத் திருகி மாட்டும் பழைய லைகா ஃபிலிம் கேமராவுக்கு 50 மி.மீ. லென்ஸ் தேடினால் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்போம்: சும்மார், எல்மார். இரண்டும் லைகாவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டும் கேமராவுக்குள் மடங்கும். சும்மார் எஃப்/2, எல்மார் எஃப்/3.5; இந்த எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது. அதாவது சும்மார் மூன்று மடங்கு ஒளியை உள்ளே விடும். நானும் முதலில் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். கடைசியில் எடுத்தது எல்மார்.

சும்மார் ஒரு போட்டிக்குப் பிறந்த லென்ஸ். போட்டி நிறுவனமான ஸைஸ் 1932இல் கொண்டுவந்த கான்டாக்ஸ் கேமராவுக்கு லுட்விக் பெர்டெலெ வடிவமைத்த சொன்னார் லென்ஸ்கள் எஃப்/2, எஃப்/1.5 என்று கிடைத்தன. லைட்ஸின் பதில் 1933இல் சும்மாராக வந்தது. எஃப்/2 சொன்னாரில் ஆறு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக ஒட்டப்பட்டிருந்தன. காற்றைத் தொடும் பரப்புகள் ஆறுதான். சும்மாரிலும் ஆறு கண்ணாடிகள், ஆனால் நான்கு தொகுதிகள், எட்டுப் பரப்புகள். ஒளி தெறிப்பதைக் குறைக்கும் பூச்சு லென்ஸ்களில் இல்லாத காலம் அது. ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பித் தெறிக்கும். ஒளி குறைவதைவிட, தெறித்தது உள்ளேயே அலைந்து ஃபிலிமில் படிவதுதான் கேடு. கறுப்பு சாம்பலாகும், எதிர்வெளிச்சத்தில் படம் முழுக்கத் திரை விழும். மாக்ஸ் பெரெக் வடிவமைத்த எல்மாரில் நான்கு கண்ணாடிகள், மூன்று தொகுதிகள், ஆறு பரப்புகள். எளிய அமைப்பு இங்கே வலுவாகிவிடுகிறது.

இதை மட்டும் சொல்லி சும்மாரை ஒதுக்கினால் நியாயமில்லை. பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் மாட்டி, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி எடுத்தால் அது மென்மையான, அழகான படம் தரும். முகங்களுக்கு அது பொருந்தும். என் முடிவைத் திருப்பியது வேறு: அதன் முன்கண்ணாடி.

அந்தக் கண்ணாடி மிக மென்மையானது. மேலே காப்புப் பூச்சும் கிடையாது. தூசியோடு சேர்த்து ஒரு துணியால் துடைத்தாலே மெல்லிய கோடு விழும். எஃப்/2 என்பதால் பரப்பும் பெரிது: ஒளி நுழையும் வாய் 25 மி.மீ.; எல்மாருக்கு 14 மி.மீ.தான், அதுவும் வளையத்துக்குள் சற்றுப் பதிந்திருக்கும். சும்மாரை வைத்திருந்தவர்கள் அன்போடு துடைக்கத் துடைக்க, அது மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஏற்கெனவே எட்டுப் பரப்புகளில் தடுமாறும் லென்ஸுக்கு இந்தக் கீறல்கள் இன்னொரு திரை. பலர் "சும்மார் மோசம்" என்று சொல்வது வடிவமைப்பை அல்ல, இந்தத் தேய்ந்த கண்ணாடியைத்தான் என்பது என் எண்ணம். தேய்த்து மெருகேற்றிப் பூச்சுப் போடலாம். ஆனால் தேய்க்கும்போது கண்ணாடியின் வளைவும் மாறக்கூடும்; பழுது பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. நல்ல கண்ணாடியோடு ஒரு சும்மார் கிடைத்தாலும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் எனக்குக் கை நடுங்கும். பையில் போட்டுத் தினமும் எடுத்துப்போகும் லென்ஸோடு அப்படி வாழ முடியாது.

எல்மாரில் தொல்லை இல்லாமல் இல்லை. துளையை மாற்றும் சிறு நெம்பு முன்வளையத்திலேயே இருக்கிறது; ஃபில்டர் மாட்டினால் விரல் எட்டாது. மாலை மங்கியதும் எஃப்/3.5 போதாது. அப்போதெல்லாம் சும்மார் நினைவு வரத்தான் செய்கிறது.

நான் எடுப்பது கறுப்பு வெள்ளை ஃபிலிமில்தான். வண்ணத்தில் இரண்டும் எப்படி வேறுபடும் என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. 1939இல் சும்மாருக்குப் பதிலாக வந்த சும்மிதாரையும் நான் அதிகம் கையாண்டதில்லை. எஃப்/2 கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதை முதலில் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் துளையை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். உட்புறப் புகைபோன்ற படலம் பெரும்பாலும் எண்ணெய்ப் பசை ஆவியாகிப் படிந்தது. கண்ணாடியை அரிக்கும் முன் கழற்றித் துடைத்தால் போய்விடும். கோடுகள் போகாது. எல்மாரில் துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் முதல் கண்ணாடிக்கும் இரண்டாவதற்கும் நடுவே இருப்பதால், படலம் அந்த இதழ்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். துளையைத் திறக்காமல் பார்த்தால் கண்ணில் படாது.