வேலிமசாலா, குதிரைமசாலா? ஆட்டுத் தீவனத்துக்கு எது தோது

வேலிமசால், குதிரைமசால் (லூசர்ன்) இரண்டும் பயறுவகைப் பசுந்தீவனப் பயிர்கள்; புரதத்தில் இரண்டுமே குறை வைப்பதில்லை. விதையும் இரண்டுக்கும் ஏக்கருக்கு 8 கிலோதான். கிணற்றை நம்பி ஆடு வளர்க்கும் சமவெளி நிலத்துக்கு நான் வேலிமசால் பக்கம்.

குதிரைமசால் சுறுசுறுப்பானது. 75-80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 25-30 நாளுக்கு ஒன்று. தண்டு மெல்லிசு, ஆடு எதையும் மிச்சம் வைக்காது. ஆனால் பனி ஈரத்தோடு இளந்தழையை வெறும் வயிற்றில் தின்றால் வயிறு உப்பிவிடும். முன்னதாகக் கொஞ்சம் சோளத்தட்டு போட்டாக வேண்டும். வேலிமசாலில் அநேகமாக அந்தப் பயமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு விதைப்பு எத்தனை வருஷம் தாங்கும் என்பது. ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டி நின்றால் குதிரைமசாலின் வேர் அழுகத் தொடங்கும். செடி செத்த இடமெல்லாம் கோரையும் அருகும் ஏறிக்கொள்ளும். பிறகு அறுத்துக் கட்டும் கட்டில் தீவனம் எவ்வளவு, களை எவ்வளவு என்று பார்த்தாலே தெரியும், மறுபடி உழ வேண்டியதுதான். வேலிமசால் வேர் ஆழம் போய்விட்டால், கோடையில் பாசனம் தள்ளிப்போனாலும் வாடி நின்று, ஈரம் கண்டதும் துளிர்க்கும். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் வெட்டலாம்.

அதற்கான பாடெல்லாம் தொடக்கத்தில்தான். விதைத்தோல் கல் மாதிரி. அப்படியே விதைத்தால் திட்டுத்திட்டாக, மாதக்கணக்கில் முளைக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 80 டிகிரிக்குத் தணிந்ததும் விதையைப் போட்டு, 5 நிமிடத்தில் வடித்து நிழலில் உலர்த்துங்கள். கொதிக்கும்போதே கொட்டினால் கரு வெந்துவிடும். பொடி விதை, அதனால் மணல் கலந்து 50 செ.மீ. வரிசையில் மேலாகத் தூவி மண் மூடினால் போதும். முதல் ஒன்றரை மாதம் செடி நூலாக நிற்கும். இரண்டு களையாவது எடுக்காவிட்டால் அமுங்கிப்போகும்.

ஓசூர் போலக் குளிர்ச்சியான பக்கம், நல்ல வடிகாலும் தீராத தண்ணீரும் உள்ளவர், கறவை மாட்டுக்கென்றால் குதிரைமசாலைத் தாராளமாகப் போடலாம்.

வேலிமசாலில் முதல் அறுப்பு 90ஆம் நாள், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. அறுப்பைத் தள்ளிப்போட்டால் தண்டு விறகாகும். மறுநாள் காலை தொட்டியில் இலை உருவிய குச்சிகள்தான் கிடக்கும். காய் பழுப்பாகி வெடிக்கவும் விடக்கூடாது. கொட்டிய விதை வரப்பு தாண்டி அடுத்த வயலிலும் களையாக முளைக்கும்.